நாற்பது பேர் சாட்சி

"உள்ளே போகாதடி! நாப்பது ஆம்பளைங்க உக்காந்திருக்காங்க. மாமனார் மானம் போயிரும்!"

மாமியார் கூடத்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். நிஸ்ரீன் தோளில் கிடந்த பத்து மாதக் குழந்தையைச் சரியாக அணைத்துக்கொண்டாள்.

"என் பிள்ளையைப் பத்தித்தானே அத்தை பேசுறாங்க? நான் இல்லாம எப்படி?"

உள்ளே அவளுக்குப் பிரசவம் பார்த்த டாக்டர் ஸுஹைரின் குடும்பம் கரக் ஊர்ப் பெரியவர்களைத் திரட்டிக்கொண்டு சமாதானம் பேச வந்திருந்தது. மருத்துவத் தவறுகளை விசாரிக்கும் குழுவில் நிஸ்ரீன் கொடுத்த புகாரை வாபஸ் வாங்க வேண்டுமாம்.

தலைமை தாங்கி வந்தவர் ஷேக் அபூ நவ்வாஃப். அவர் முன்னால் ஒரு கிண்ணம் காபி இருந்தது. கேட்டதைத் தருவதாக வீட்டுக்காரர் வாக்குக் கொடுக்கும்வரை அவர் அதைத் தொட மாட்டார். தொடாமலே எழுந்து போய்விட்டால் அந்தக் குடும்பம் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. முப்பது வருஷத்தில் அப்படி அவர் எழுந்து போன வீடு ஒன்றுகூட இல்லை.

மாமனார் அபூ மாஜிதுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை பெரிய மனிதர்கள் தன் வீட்டுக் கம்பளத்தில்! 'குடிங்க ஷேக், நீங்க வந்த காரியம் முடிஞ்சுது' என்று சொல்ல வாயைத் திறந்தேவிட்டார்.

அந்த நேரம் பார்த்து நிஸ்ரீன் மாமியாரை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"உனக்கு இங்கே என்ன வேலை? போ உள்ளே!" என்று கத்தினார் மாமனார்.

"விடு அபூ மாஜித்" என்றார் ஷேக். "மகளே, நடந்தது விதி. டாக்டரும் நம்ம ஊர்ப் பிள்ளை. மன்னிச்சுவிடு. மன்னிக்கிறவங்களுக்கு இறைவன்கிட்ட கூலி உண்டு."

"விதிதான் ஷேக், நான் இல்லேங்கல. ஆனா அந்த விதி காலையில பத்து மணிக்கே நர்ஸை விட்டு டாக்டருக்குப் போன் பண்ணுச்சே! குழந்தையோட இதயத்துடிப்பு குறையுது, உடனே ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லுச்சு. டாக்டர் தன்னோட சொந்த கிளினிக்ல இருந்துக்கிட்டு 'வர்றேன்'னார். பன்னெண்டு மணிக்கு மறுபடி கூப்பிட்டா, 'வந்துட்டே இருக்கேன்'னார். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வந்து வயித்தைக் கிழிச்சார்."

டாக்டரின் அண்ணன் துள்ளினான். "ஆபரேஷனுக்கு உங்க வீட்லதான் சம்மதிக்கலையாம். ஃபைல்ல எழுதியிருக்கே!"

"நாங்க காலைப் பிடிச்சுக் கெஞ்சினோம். சம்மதிக்கலைன்னு எழுதினது உங்க தம்பி. அதுக்காகத்தான் இந்தப் புகாரே. அவரை ஜெயில்ல போடச் சொல்லலை. ஆறு மணி நேரம் எங்கே இருந்தேன்னு விசாரணையில நின்னு சொல்லட்டும். அப்பதான் அடுத்தவ பிரசவத்துக்காவது நேரத்துக்கு வருவார்."

"பொம்பளைக்கு இத்தனை வாய் ஆகாது" என்றார் ஒருவர்.

"கல் நெஞ்சு" என்றார் இன்னொருவர்.

அவள் கணவன் மாஜித் காபிக் கெண்டியோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பேசினால் கெண்டி கீழே விழுந்துவிடும் போலிருக்கிறது!

நிஸ்ரீன் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்க் குழந்தையை ஷேக்கின் மடியில் வைத்தாள்.

"தலையைப் பிடிச்சுக்குங்க. அவனுக்குக் கழுத்து நிக்காது."

ஷேக் பதறிப்போய் இரண்டு கையாலும் தாங்கினார். குழந்தை அவரைப் பார்க்கவில்லை. அது யாரையும் பார்ப்பதில்லை.

"ஒரே ஒரு கேள்வி ஷேக். உங்க பேத்திக்கு இது ஒன்பதாம் மாசம்னு ஊருக்கே தெரியும். பிரசவம் இந்த டாக்டர்கிட்டதானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த நிமிஷமே போய்ப் புகாரை வாபஸ் வாங்கிடறேன்."

"பின்னே வேற யார்கிட்ட? எங்க டாக்டர்கிட்டதான்!" என்று முந்திக்கொண்டான் அண்ணன்.

ஷேக் மடியில் கிடந்த குழந்தையைக் குனிந்து பார்த்தார்.

"பொய் சொல்லாதடா" என்றார். "தலைநகர்ல வேற ஆஸ்பத்திரி பார்த்தாச்சு. இந்தப் பிள்ளையோட சேதி காதுல விழுந்த அன்னிக்கே நான்தான் மாத்தினேன்."

டாக்டரின் அண்ணன் தன் செருப்பு எங்கே என்று வாசல் பக்கம் பார்த்தான்.

நிஸ்ரீன் பிள்ளையை வாங்கக் கை நீட்டினாள். ஷேக் கொடுக்கவில்லை.

மாமனார் அவசரமாக முன்னால் வந்தார். இனி ஷேக் காபியைத் தொடாமல் எழுந்துவிட்டால்?

"ஷேக்! அவ சின்னப் பொண்ணு, ஏதோ உளர்றா. இது என் வீடு, வாக்கு என்னோடது. நீங்க கேட்டதைக் கொடுத்தாச்சு. குடிங்க!"

"நான் கேட்டது எதுவா இருந்தாலுமா?"

"எதுவா இருந்தாலும்! இந்த நாப்பது பேர் சாட்சி!"

ஷேக் ஒரு கையால் குழந்தையைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் கிண்ணத்தை எடுத்து ஒரே மடக்கில் குடித்து முடித்தார்.

"அப்போ கேட்டுக்கோ அபூ மாஜித். இவ புகாரை வாபஸ் வாங்கக் கூடாது. விசாரணைக்கு இவளை நீயே கூட்டிட்டுப் போகணும்."