அக்காவுக்கு எழுதிய பேச்சு

அக்கா மைக்கை இரண்டு தட்டு தட்டினாள். நான் மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றேன்.

அங்கேதான் நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

காலையில் தொழிற்சங்கத்தின் செயற்குழு கூடி முடிவெடுத்தது. என் புத்தகம் போன மாதம் வந்துவிட்டது. நான் ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறேன் என்பது அதில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே வெற்றிக் கூட்டத்தில் நான் பேச வேண்டாம். மேடையில் உட்காரவும் வேண்டாம். தலைவிக்கு மட்டும் வழக்கம்போல எழுதிக் கொடுத்தால் போதும்.

"தப்பா எடுத்துக்காதம்மா. உன் மேல ரொம்ப மரியாதை இருக்கு. ஜனங்கதான் ஒரு மாதிரி பேசுவாங்க" என்றார் செயலாளர்.

அவர் மரியாதையை இந்த ஜெனரேட்டரில் ஊற்றினால் ஒரு பல்புகூட எரியாது.

என் கை வேண்டும். முகம் வேண்டாம்.

அவர் சொன்னதுகூடப் பரவாயில்லை. அவர் அப்படித்தான். தலைவி, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவள், கடைசி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதுதான் எனக்கு எரிந்தது.

இந்தப் போராட்டத்தின் ஒவ்வொரு துண்டறிக்கையும் நான் எழுதியது. தையல் ஆலையில் மூத்திரம் போக டோக்கன். ஒரு வரிசை மெஷினுக்கு ஒரே டோக்கன். அது சூப்பர்வைசர் மேசையில் ஆணியில் தொங்கும். தீட்டு நாளிலும் அவன் முன்னால் போய்க் கையை நீட்ட வேண்டும். அவன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பான்.

அந்த ஆணியைப் பிடுங்கிவிட்டோம். நேற்று நிர்வாகம் கையெழுத்துப் போட்டது.

மைதானம் முழுக்கப் பெண்கள். ஷிப்ட் முடிந்த கையோடு வந்திருந்தார்கள், தலைமுடியில் நூல் பிசிறோடு.

அக்கா தாளைப் பிரித்தாள்.

முன்கூட்டி ஒருநாளும் படித்துப் பார்க்க மாட்டாள். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்பாள். மேடையில் ஏறிய பிறகுதான் பிரிப்பாள். தாளில் என்ன இருந்தாலும் படித்துவிடுவாள். ஒருமுறை நான் ஓரத்தில் குறித்து வைத்த "இங்கே நிறுத்தவும், கைதட்டுவார்கள்" என்பதையும் அதே முழக்கத்தோடு படித்துவிட்டாள். கூட்டமும் சொன்ன பேச்சைக் கேட்டுக் கைதட்டியது.

மத்தியானம் எழுதும்போது அது ஞாபகம் வந்து ஆசை கிளம்பியது. ஒரே ஒரு வரியை நடுவில் செருகினால் போதும். என்னைப் பற்றி அக்கா வாயாலேயே ஊருக்குச் சொல்ல வைத்துவிடலாம். செயலாளர் முகம் போகிற போக்கை நினைத்தபோதே வயிறு குளிர்ந்தது.

எழுதவில்லை. கேட்காமல் அடுத்தவள் வாயை எடுத்துக்கொள்வது அவர்கள் செய்கிற வேலை.

அக்கா டோக்கன் பகுதிக்கு வந்தாள். மைதானம் கத்தித் தீர்த்தது. வரிக்கு வரி என் உதடும் கூடவே அசைந்தது. இனி நன்றி மட்டும்தான் பாக்கி. "நன்றி" என்று நான் முணுமுணுத்தேன்.

அக்கா நன்றி சொல்லவில்லை. தாளை மடித்தாள்.

"இன்னொண்ணு சொல்லணும்" என்றாள்.

என் உதடு நின்றுவிட்டது.

"இந்தப் பேச்சு நான் எழுதினது இல்ல. எப்பவுமே நான் எழுதினது இல்ல. எழுதினவளைப் பின்னாடி நிக்க வெச்சிருக்கோம். அவ ஒரு பொண்ணோட வாழுறா. அது உங்களுக்குப் பிடிக்காதுன்னு காலையில நாங்களே முடிவு பண்ணிட்டோம். உங்களைக் கேக்கல. இப்பக் கேக்குறேன்."



செயலாளர் மேடைப் படியில் தடதடவென்று இறங்கி என்னிடம் வந்தார். "ஏம்மா, இப்படியா எழுதிக் கொடுப்பே?"

"நான் எழுதல தோழர்."

நம்பவில்லை. எப்படி நம்புவார்? அக்கா தானாக ஒரு வரி பேசி யாரும் கேட்டதில்லை.

அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு கட்டைக் குரல் எழும்பியது. துணி வெட்டும் பிரிவில் வேலை செய்கிறவள். மைக் தேவைப்படாத தொண்டை.

"பாத்ரூம் போக எவனையும் கேக்க மாட்டோம்னுதானே சண்டை போட்டோம்? அவ வீட்டுல யாரோட இருக்கணும்னு எங்களை எதுக்குக்கா கேக்குறே? மேல வரச் சொல்லு!"

முதலில் சிரிப்பு வெடித்தது. பிறகு கைதட்டல். பிறகு, "மேல வா! மேல வா!" என்று மைதானமே கோஷம் போட ஆரம்பித்தது. துண்டறிக்கையில் நான் எழுதிய எந்தக் கோஷத்தையும் இவர்கள் இவ்வளவு ஒழுங்காகப் போட்டதில்லை.

செயலாளர் படியை மறித்துக்கொண்டு நின்றார்.

"தோழர், ஓரமா நில்லுங்க" என்றேன்.

நின்றார்.

மேலே ஏறியதும் கண் கூசியது. அத்தனை முகங்கள். எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. முன்வரிசையில் சின்னக்கா எழுந்து நிற்பது தெரிந்தது. அக்காவின் தங்கச்சி. அக்கா எங்கே பேசினாலும் அவளுடைய கண்ணாடிக் கூடும் தண்ணீர் பாட்டிலுமாகக் கூடவே வந்து உட்கார்கிறவள். ஒரே வீட்டில்தான் இருவரும். இன்று அவள் கைதட்டவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

மைக்கை வாங்கக் கை நீட்டினேன். அக்கா கொடுக்கவில்லை. உள்ளங்கையால் அதை இறுக மூடிக்கொண்டு என் காதருகே வந்தாள்.

"அவ என் தங்கச்சி இல்லடி."

நான் அவளைப் பார்த்தேன். அவள் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ அப்புறம் பேசு. மொதல்ல நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.

மைக்கிலிருந்து கையை எடுத்தாள்.