இருபத்திரண்டாவது புகார்

"என்ன எடிட்டர் சார், இன்னைக்கும் படுத்துடுச்சா?"

படத்தொகுப்பாளன் நெட்வொர்க் அறை வாசலிலேயே நின்றான். "ஆமாங்க. சர்வருக்கு ஒரு படம் போய்ச் சேர்றதுக்குள்ள எனக்குத் தாடியே வளர்ந்துடும்போல."

"வளரட்டும், உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும். உக்காருங்க." அந்த அறையின் பொறியாளர் அவள். ஒரு நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். "இது இருபத்திரண்டாவது புகார். இன்னைக்குள்ள சரியாகலைன்னா வெளியாளைக் கூப்பிடுவேன்னு மேனேஜர் குதிக்கிறார்."

கோளாறே அவன் செய்ததுதான். அவனுடைய கம்ப்யூட்டரில் புது நெட்வொர்க் கார்டு மாட்ட வந்த அன்று, ஒவ்வொன்றாக விளக்கியபடி அவள் இரண்டு மணி நேரம் இருந்தாள். அவள் போன பிறகு அவன் அறை வெறிச்சென்றாகிவிட்டது. மறுநாள் காலை, அவள் சொல்லிக்கொடுத்த ஒரு வசதியை அவன் மெதுவாக அணைத்தான். நாற்பது வயதில் செய்கிற காரியமா என்று தினமும் தன்னையே திட்டிக்கொண்டான். தினமும் மாடியேறி வந்தான்.

கோளாறு சரியானால், இனி எதைச் சொல்லிக்கொண்டு வருவது?

அவள் விசைகளைத் தட்டினாள். "அட, இங்க பாருங்க. பெரிய ஃபைலைத் துண்டு துண்டா வெட்டித்தான் அனுப்பணும். அது கார்டோட வேலை. யாரோ அதை நிறுத்தி வெச்சிருக்காங்க. பாவம், புராசஸரே உக்காந்து வெட்டுது. சமையல்காரரைச் சும்மா நிக்கவெச்சுட்டு முதலாளியே வெங்காயம் நறுக்குற மாதிரி."

"யாரா இருக்கும்?" அவன் அப்பாவியாகக் கேட்டான்.

"யாரோ ஒரு மகா புத்திசாலி. யார் எப்போ மாத்தினாங்கன்னு பதிவாகியிருக்குமே, பாத்துடலாமா?"

"வேணாங்க. நான்தான்." அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "இங்க வர்றதுக்கு வேற சாக்கு கிடைக்கலை."

கேலியை எதிர்பார்த்து நிமிர்ந்து பார்த்தான். அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

கோளாறு தொடங்கிய நாளுக்கு நேரே மூன்று வரிகள் இருந்தன. காலை பத்து மணிக்கு அவன் அணைத்திருந்தான். மாலை ஐந்து மணிக்கு அவள் கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தாள்.

ஐந்தே நிமிடம் கழித்து, அவளே மறுபடி அணைத்திருந்தாள்.