சீஸ் வியாபாரியின் மூக்கு

"உங்கள்ல யாருக்காவது ஓவியம் பத்தித் தெரியுமா?"

காலை வரிசையில் நின்ற பிரெஞ்சுக் கைதிகள் அறுபது பேரும் கேப்டன் க்ரூமேயைப் பார்த்து விழித்தார்கள். மூன்று வருஷமாக விறகு பிளக்கத் தெரியுமா, உருளைக்கிழங்கு உரிக்கத் தெரியுமா என்றே கேட்டுக்கொண்டிருந்த ஜெர்மன்காரர், திடீரென்று ஓவியம் என்கிறாரே!

அன்செல்ம், பக்கத்தில் நின்ற இப்பொலித்தின் விலாவில் இடித்தான். "கையைத் தூக்குடா."

"நானா? நான் சீஸ் விக்கிறவன்டா!"

"பெரிய மீசை இருக்கு, கணீர்னு குரல் இருக்கு. நிபுணனுக்கு வேற என்ன வேணும்? தூக்கு."

காரணம் இருந்தது. முந்தின நாள் கேப்டனின் அறையில் அடுப்புச் சாம்பல் அள்ளப் போன அன்செல்ம், சுவரைப் பார்த்துவிட்டுச் சாம்பல் வாளியைக் காலிலேயே போட்டுக்கொண்டான். அங்கே அவர்கள் ஊர்க் கோயிலின் புனித நிக்கோலா படம்! முந்நூறு வருஷத்துப் படம். அதன் அடியில்தான் அன்செல்முக்கு ஞானஸ்நானம் ஆனது, கல்யாணமும் ஆனது. ஊரைப் பிடித்தபோது படத்தையும் சுருட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"ஜெனரலுக்கு வியாழக்கிழமை பிறந்தநாள். அவர் ஓவியப் பைத்தியம்," என்றார் கேப்டன். "என் அறையில இருக்கிற ஒரு பழைய படத்தைப் பரிசா குடுக்கப்போறேன். எவ்வளவு பழசு, என்ன மதிப்புன்னு ஒருத்தர் எழுதித் தரணும்."

"போலின்னு சொல்லிடு. தூக்கிப் போட்டுட்டா நாம எடுத்துக்கலாம்," என்று பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தான் அன்செல்ம்.

இப்பொலித்தின் கை தானாக மேலே போயிற்று.

கேப்டனின் அறையில் இப்பொலித் தனக்குத் தெரிந்த ஒரே பரிசோதனையை, சீஸ் வாங்கும்போது செய்வதை, செய்தான். படத்தைக் கட்டைவிரலால் அமுக்கினான். முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை ஆழமாக இழுத்து மோந்து பார்த்தான். வாசலில் வாளியோடு நின்ற அன்செல்ம் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மன்னிக்கணும், கேப்டன் ஐயா. இது போலி."

"என்னது?"

"முந்நூறு வருஷப் பொருள்னா கிட்ட மூக்கை வைக்க முடியுமா? இதுக்கு முப்பது வருஷம்கூட ஆகலை. இதைக் குடுத்தீங்கன்னா ஜெனரல் உங்களை நேரா ருஷ்யப் போர்முனைக்கு அனுப்பிடுவார்."

கேப்டனின் முகம் வெளுத்தது. ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. "நீ சொன்னா ஆச்சா? நாளைக்கு மியூனிக்லேருந்து ஒரு பேராசிரியரை வரவழைக்கிறேன். அவர் மட்டும் அசல்னு சொல்லட்டும், உன்னை இந்தச் சுவர் ஓரமா நிக்கவச்சுச் சுட்டுடுவேன்."

அன்று இப்பொலித் சூப்பைத் தொடவில்லை. "என் பொண்டாட்டிக்குக் கடிதம் எழுதிக் குடுடா. நீதான் என்னை மாட்டிவிட்டேன்னும் சேர்த்து எழுது," என்றான். அன்செல்மால் அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பேராசிரியர் வந்தார். பூதக்கண்ணாடியும் வெள்ளைத் தாடியுமாகப் பெரிய மனிதர். பத்து நிமிஷம் முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டார்.

"இந்தக் கைதி சொன்னதுதான் சரி. போலி. இதுக்காகவா என்னை எட்டு மணி நேரம் ரயில்ல உட்காரவச்சீங்க?"

"எரிச்சுத் தொலைங்கடா இந்தக் குப்பையை!" என்று கத்தினார் கேப்டன்.

எரிக்கும் வேலை சாம்பல் அள்ளும் அன்செல்முக்கே வந்தது. மரச்சட்டம் மட்டும் அடுப்புக்குப் போனது. படம் அன்செல்மின் வைக்கோல் மெத்தைக்குள் போனது.

"அந்தப் பேராசிரியர் ரகசியமா நம்ம பக்கம்டா. தெரிஞ்சேதான் பொய் சொல்லியிருக்கார்," என்றான் அன்செல்ம்.

"போடா, கிழவனுக்குக் கண்ணு தெரியலை," என்றான் இப்பொலித்.

எதுவானாலும் சரியென்று, அன்செல்ம் தினமும் அந்த ஜெர்மன்காரருக்காகவும் ஒரு ஜெபம் சேர்த்துச் சொன்னான்.

இரண்டு குளிர்காலம் அந்தப் படத்தின் மேல் படுத்துப் புரண்டான். சோதனை வந்தபோதெல்லாம் காய்ச்சல் என்று அசையாமல் கிடந்தான். யுத்தம் முடிந்ததும் அதை முதுகில் கட்டிக்கொண்டு, பாதி வழி நடையும் பாதி வழி லாரியுமாக, இருவரும் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

பங்குச் சாமியார் இருவரையும் கட்டிக்கொண்டு அழுதார். அன்செல்ம் பெருமையோடு மூட்டையைப் பிரித்துப் படத்தைப் பீடத்தில் விரித்தான். பார்த்ததும் அவருடைய அழுகை நின்றது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் சாமி சிரிக்கறீங்க?"

"அசல் படம் என் ஒயின் பீப்பாய்க்குப் பின்னாடி பத்திரமா இருக்குப்பா! போன யுத்தத்துல, 1914லேயே, எடுத்து ஒளிச்சு வச்சுட்டேன். கடைக்குப் போர்டு எழுதறவர் ஒருத்தரை வரையச்சொல்லி இதை மாட்டினேன். மறுபடியும் சண்டை வந்தா என்ன செய்யறதுன்னு அசலை வெளியிலயே எடுக்கலை."

அன்செல்ம் பதறிப்போனான். "சாமி, அப்போ இதுக்கு அடியில நடந்த என் கல்யாணம்?"

"அது அசல்தான்டா, பயப்படாதே."

இப்பொலித் நிதானமாக மீசையை முறுக்கினான். "இதைத்தானே நான் அன்னிக்கே சொன்னேன்? அந்தப் பேராசிரியரைத் தவிர எவன்டா நம்பினீங்க?"