கையை மட்டும் எடுங்க

“மூஞ்சியைக் காட்டுடா! இன்னும் எவ்வளவு நேரம் ஒளிஞ்சுக்கிட்டே இருப்ப?”

மாவு மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கியிருந்த ஒகிடியைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள் நசூனா. பளீரென்று வெளிச்சம் விழுந்ததும் அவன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

வெளிச்சம் படப்பிடிப்புக் குழுவினுடையது. இடம், கம்பாலாவில் நசூனாவின் கேக் கடை.

இந்த வீடியோவுக்காக ஒரு வாரமாகக் கடையையே புரட்டிப் போட்டிருந்தாள் அவள். சுவருக்குப் புது வண்ணம், ஆட்களுக்குப் புது ஏப்ரன். இரைச்சல் பதிவாகிவிடும் என்றார்கள். ஜெனரேட்டரைப் பின்சந்துக்குத் தள்ளினாள். எதிர்ப்பக்கத்து வெல்டிங்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, மதியம்வரை பட்டறையை மூட வைத்தாள்.

எல்லாம் தயார். கேக் செய்கிறவன்தான் தயாராக இல்லை.

காலையில் வந்தபோதே தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தான். “பல்வலி மேடம்.” துணியை அவிழ்க்க வைத்தால், கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றான். திரும்பச் சொன்னால், கன்னமெல்லாம் ஐசிங் சர்க்கரையை அப்பிக்கொண்டு திரும்பினான்.

“கையை மட்டும் எடுங்களேன்,” என்று டைரக்டர் கெமிகிஷாவிடம் கெஞ்சினான்.

“தலையில்லாம கை மட்டும் கேக் செஞ்சா அது பேய்ப் படம் அண்ணே!” அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு நசூனா பக்கம் திரும்பினாள். “மேடம், மதியம் எங்களுக்கு என்டெபேயில வேற ஷூட்டிங். இவர் நிமிர்ந்தா எடுப்போம், இல்லேன்னா கிளம்புவோம்.”

ஏரிக்கரை ஹோட்டல்காரர்கள் ஏற்கெனவே ஒரு கடையிடம் ஏமாந்தவர்கள். ‘எந்த ஆள் செய்கிறான் என்று வீடியோவில் கண்ணால் பார்த்தால்தான் கல்யாண கேக் ஆர்டர்’ என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அது கிடைக்காவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

கல்லாவில் இருந்த சவெடே அவள் காதருகே வந்தாள்.

“மேடம், இவன் ஆள் சரியில்ல. ஞாயித்துக்கிழமை ஆனா இரவல் கோட்டு ஒண்ணை மாட்டிக்கிட்டு அந்தப் பெரிய கண்ணாடி மாலுக்குப் போறான். ஒண்ணும் வாங்கறதில்ல. நடுவுல நின்னு போனை மூஞ்சிக்கு நேராப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசறான். நோட்டம் பாக்கறான் மேடம்!”

அதைக் கேட்டதும்தான் நசூனா பாய்ந்துபோய், மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துவிட்டவனின் சட்டையைப் பிடித்தாள்.

“உன்னை வீட்டுப் பிள்ளையா நினைச்சேனேடா! இந்த வீடியோ உங்க ஊர் குலுவரைக்கும் போகும். போன் வச்சிருக்கிறவன் அத்தனை பேரும் உன்னைப் பார்ப்பான். எவனுக்குக் கிடைக்கும் இந்தப் பேரு?”

“அதான் மேடம் பயமா இருக்கு.”

“என்ன பயம்? போலீஸ் தேடுதா?”

“ஐயோ, இல்ல மேடம்.”

“அப்போ? ஊர்ல பொண்டாட்டியை விட்டுட்டு ஓடி வந்தியா?”

“எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல மேடம்.”

“பின்ன யாருக்குப் பயந்துடா இந்த நடுக்கம்? சொல்லு, இல்ல இப்பவே வெளிய போ. உன்னால என் கடையே போகப்போகுது!”

ஒகிடி மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தான். சர்க்கரை அப்பிய கன்னத்தில் கண்ணீர் கோடாக இறங்கியது. கெமிகிஷா சட்டென்று கையை உயர்த்தி விளக்கை அணைக்கச் சொன்னாள்.

“எங்கம்மாவுக்குத்தான் மேடம். இருந்த மாட்டையெல்லாம் வித்து என்னை வெளிநாட்டுக்கு அனுப்பினா. ஏஜென்ட் கம்பாலாவிலயே என்னை விட்டுட்டு ஓடிட்டான்.”

நசூனாவின் பிடி தளர்ந்தது. அவன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

“அவளுக்கு நான் இன்னும் துபாய்ல இருக்கேன்.”