ஈரம் காயாத தொட்டி

மகள் குழலி இறந்த பிறகு வளர்மதிக்கு அழுகைகூட வரவில்லை. வீட்டில் பேச்சும் நின்றுபோனது. மாடியில் மகள் நட்ட செம்பருத்திக்கு மட்டும் தினமும் காலையில் தண்ணீர் ஊற்றினாள். அப்படியும் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. பக்கத்து வீட்டு ஜெயக்கா மண்ணுக்குள் விரலை விட்டு முகர்ந்து பார்த்தாள்.

"வேர் அழுகுது வளரு. செடியை இப்படியா குளிப்பாட்டுவ?"

"ஒரு சொம்புதாங்க்கா ஊத்துறேன்."

மறுநாள் அவள் ஊற்றவில்லை. மாலையில் மாடிக்குப் போனபோது, அந்தப் பக்கமே வராதவர் என்று அவள் நினைத்திருந்த கணவர் முத்தழகர் தொட்டியருகே காலிச் சொம்போடு நின்றிருந்தார்.

"நீ மறந்துட்டேன்னு நெனச்சு, தெனமும் சாயங்காலம் நான் ஊத்துறேன்," என்றார்.

"நானும் உங்களை அப்படித்தான் நெனச்சேன். சாய்ச்சு வடிய விடணுங்க."

ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தொட்டியைச் சாய்த்தார்கள். தண்ணீர் வெகுநேரம் வடிந்துகொண்டே இருந்தது.