ஜாம்பியா டாக்டர்

நர்ஸ் கங்கையம்மாளுக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. ஜாம்பியாவில் நானூறு படுக்கை ஆஸ்பத்திரியை நடத்திய டாக்டர் முனிரத்தினம், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலிருக்கும் தன் சொந்தக் கிராமத்து ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டிருந்தார். கூட்டம் தெருவரை உட்கார்ந்திருந்தது.

“அங்க அம்மை நோயைக் குறைச்சது நான் இல்ல, நான் பழக்கிவிட்ட எண்பது நர்ஸுங்க. தலைவன் இல்லாதப்பவும் வேலை நடக்கணும், அதுதான் தலைமை. நாட்டோட முன்னேற்றம் டெல்லியில இல்ல, இந்த மாதிரி ஊர்லதான் இருக்குது.”

கைதட்டல் ஓய்ந்ததும் கங்கையம்மாள் எழுந்தாள். நேராகவே கேட்டுவிட்டாள்.

“நல்லாத்தான் பேசறீங்க சார். இங்க ரெண்டு வருஷமா டாக்டரே இல்ல. போன மாசம் ஒரு புள்ளைத்தாய்ச்சி, காஞ்சிபுரம் போய்ச் சேர்றதுக்குள்ள உசிரை விட்டுட்டா. நீங்க நாளைக்கு ப்ளேன் ஏறிடுவீங்க. எங்களுக்கு யாரு வருவாங்க?”

பஞ்சாயத்து பிரசிடெண்ட் தனசேகரன் பதறிப்போய், “உக்காரும்மா!” என்றார்.

டாக்டர் சட்டைப்பையிலிருந்து ஓர் அரசாங்க உத்தரவை எடுத்து அவளிடமே நீட்டினார். அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

“ஜாம்பியா வேலைய விட்டு மூணு மாசம் ஆவுதும்மா. நாளைக்கு இங்க டியூட்டியில சேர்றேன். ஓ.பி. சீட்டு எத்தனை மணிக்குக் குடுப்பீங்க?”

“எட்டு மணிக்கு சார்!”

அவள் போட்ட சத்தத்தில் கூட்டமே எழுந்து நின்றது.