சுவரில் ஓடும் எண்

பல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்பதை விடுதி அறைச் சுவர் காட்டிக்கொண்டே இருக்கும். கூடுதல் பாடம் எடுத்தால் ஏறும். யாருடனாவது பேசிக்கொண்டிருந்தால் இறங்கும். செல்லக்கனி ஒன்பது பாடம் எடுத்திருந்தாள். பேச்சுத்துணைக்கு ஆளில்லை. கோவில்பட்டியில் அம்மாவின் போனிலும் அதே எண்தான். வாரம் ஒருமுறை முகம் காட்டாமல் கூப்பிடுவாள். "வச்சிருதேன் தாயி, நம்பர் குறையுது" என்பாள்.

இடம் கிடைத்த அன்று செல்லக்கனியே வீடியோவில் அழைத்தாள். அம்மா பூரித்துப்போய்ச் சிரித்தாள். முன்வரிசையில் நாலு பல்லைக் காணோம்.

"எப்பம்மா விழுந்துச்சு?"

"ரெண்டு வருசமாச்சு. சொன்னா நீ கிளம்பி வந்துருவ, நம்பர் குறையுமேன்னுதான்..." என்றவள், பழக்கதோஷத்தில் போனை வைத்துவிட்டாள்.

சுவரில் நூறு அசையாமல் நின்றது.